துப்பாக்கி தேர்ந்து சொல்லுதல் தகுமா?

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட அனர்த்த தண்ட விரதத்தைக் குறித்துக் கற்றறிந்த சான்றோர் பலர் விளக்கியுள்ளனர். ஆசிரியப் பயிற்சி முடித்து முப்பத்தாறு ஆண்டுகள் சிறுவர்க்கு எழுத்தறிவித்த நான் அவர்கள் வரிசையில் சேர முற்படவில்லை. சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில் என் மகள் வயிற்றுப் பேரன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் சொன்ன விடை சரிதானா என்னும் ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனாலேயே எழுதுகிறேன்.

நான் இப்போது மகளோடு சேரப்பணஞ்சேரியில் வசிக்கிறேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்து, ஒரகடத்தை அடையுமுன் வரும் ஊர் இது. ஏரியும் கழனியுமாக இருந்த பக்கம். இன்று இரவு பகல் என்றில்லாமல் பெரும் பெட்டகங்களைச் சுமந்த லாரிகள் ஓடுகின்றன. பேரன் ஒரகடத்திலுள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறாண்டு பணிபுரிந்தான். இயந்திரங்களின் உருளைத் துளை மயிரிழையும் பிசகாமல் கடையப்பட்டிருக்கிறதா என்று அளந்து பார்ப்பது அவன் வேலை. பின்னர் நிறுவனத்தார் அவனை அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திற்கு அனுப்பினர். அங்கே இரவு உணவு முடித்து அவன் பேசும் நேரம் இங்கே நமக்குக் காலை வழிபாடு முடியும் நேரம்.

"பாட்டி, என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இவ்வாண்டு முதன்முதலாக மான் வேட்டைக்குப் போகப் போகிறார். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. குழல், துளை, உலோகம் இவையெல்லாம் உனக்குத் தெரியுமே, எதை வாங்கலாம் என்று நீயே பார்த்துச் சொல் என்கிறார். நான் வேட்டைக்குப் போகமாட்டேன். அது அவருக்கும் தெரியும். தேர்ந்து மட்டும் சொல்லலாமா?" இதுவே கேள்வி.

"சொல்லாதே" என்று உடனே கூற வாயெடுத்தேன். அவன் விடவில்லை. "முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றான்.

அவன் கூறியவற்றை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மிச்சிகனில் ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கியால் மான் வேட்டையாட அரசு அனுமதிக்கிறது. 1960 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வழக்கமான வேட்டை உரிமம் பெறப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்று காட்டவேண்டும். ஆனால் எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். கடைக்குச் செல்லும் புதியவருக்குப் பெரியதன்மேல் ஆசை வரும். பெரிய தோட்டா போடும் ரைபிள் தோளைக் கடுமையாக உதைக்கும். இரண்டு முறை உதைபட்டவன் மூன்றாம் முறை விசையை இழுக்குமுன்பே தன்னையறியாமல் கண்ணை மூடுவான், தோளைக் குறுக்குவான். குழல் முனை இம்மியளவு அசையும். நெஞ்சை நோக்கிப் போகவேண்டிய குண்டு வயிற்றில் படும். நெஞ்சில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் பட்ட மான் சில நொடிகளில் விழுந்துவிடும். வயிற்றில் பட்டது விழாது. ஓடிப் புதரில் படுத்துப் பல மணி நேரம் கிடந்து சாகும். ஆதலால் புதியவர் 0.243 அங்குலத் துளையுடைய ரைபிள் போல உதைப்புக் குறைந்ததை, தாழ்ப்பாள்போல் தள்ளிப் பூட்டி ஒவ்வொரு தோட்டாவாகச் சுடும் வகையில் வாங்கவேண்டும். அடிக்கட்டையின் நீளம் அவர் கை நீளத்திற்குப் பொருந்த வேண்டும். வாங்கிய பின் காகிதக் குறியில் பலநாள் சுட்டுப் பழகவேண்டும்.

"இவ்வளவும் எனக்குத் தெரியும் பாட்டி. நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் பெரியதாக ஒன்றை வாங்கிக்கொண்டு போய் ஒரு மானைப் பாதியாகக் கொல்லுவார். நான் சொன்னால் அது வலியறியாமல் சாகும். இதில் எது அஹிம்சை?"

தொலைபேசியை வைத்தபின் நெடுநேரம் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. வகுப்பில் மாணவன் கேள்வி கேட்டு ஆசிரியர் விடையறியாமல் நிற்கும் நிலை எனக்குப் புதிதன்று. ஆனால் இம்முறை தேர்வு எழுதப்போவது ஒரு மான்.

இந்தக் கேள்வி நம் நாட்டில் இவ்வடிவில் எழாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் பெற்று வேட்டையாடச் சில வழிகள் எஞ்சியிருந்தன. 1991-இல் செய்த திருத்தம் அவற்றையும் அடைத்துவிட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றைச் சுடலாம் என்றாலும், சுடுவோர் வனத்துறையினரே. உழவர் கையில் துப்பாக்கி தரப்படவில்லை. நம்மவரில் நிலமுடையோர் பலர் இந்த ஆணையை எதிர்பார்த்திருந்ததையும், வந்தபின் அதைப்பற்றி உரக்கப் பேசத் தயங்கியதையும் நான் அறிவேன்.

வேட்டைதான் இங்கில்லையே, துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எங்கள் தெருவில் விடியற்காலையில் 'டப் டப்' என்று ஓசையெழுப்பிச் செல்லும் மோட்டார் சைக்கிளைக் காண்கிறேன். 2013 முதல் ஒரகடத்தில் அந்நிறுவனத்தாரின் ஆலை இயங்கி வருகிறது. என்பீல்ட் என்னும் பெயர் இலண்டனுக்கு வடக்கே இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர். அதற்கு உறுப்புகள் செய்து கொடுத்த ஆங்கிலேயக் கம்பெனி அப்பெயரைத் தன் சைக்கிள்களுக்குச் சூட்டிக்கொண்டது. பீரங்கியைச் சின்னமாக வைத்துக்கொண்டு, துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்று விளம்பரமும் செய்தது. வண்டிக்குப் 'புல்லட்' என்று பெயர். அதில் பால் வாங்கிவரும் இளைஞனிடம் குற்றம் ஏதும் இல்லை. துளையை நேராகக் கடையும் கல்வி ஒன்றுதான். அது இயந்திரத்திற்கும் போகும், ரைபிளுக்கும் போகும் என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன். பேரனிடம் நண்பர் கேட்டதும் அந்தக் கல்வியைத்தான்.

இனி நூல்கள் கூறுவதைப் பார்ப்போம். ஸமந்தபத்திர ஆசாரியர் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில் வகுத்ததையே நம் முன்னோர் அருங்கலச்செப்பில் குறள் யாப்பில் தமிழாக்கித் தந்தனர். பயனின்றி உயிர்களை வருத்தும் செயல்களை ஆசாரியர் ஐந்தாகப் பிரிக்கிறார். அவற்றுள் இரண்டு இங்கே நேரே வந்து நிற்கின்றன. விலங்குகளுக்குத் துன்பம் தரும் வழிகளை ஒருவனுக்குச் சொல்லிக் கொடுப்பது பாபோபதேசம். கோடரி, வாள், நெருப்பு, சங்கிலி போன்ற கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுப்பது ஹிம்ஸாதானம். மண் தோண்டும் கருவியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை உழவர் வீட்டில் பிறந்த நான் எப்போதும் சற்று நெளிந்துகொண்டேதான் படிப்பேன். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் என்னும் மூன்றும் மனம் மொழி மெய்களோடு உறழ ஒன்பதாகும் என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே மனனம் செய்தோம். பேரன் தேர்ந்து சொல்லும் துப்பாக்கி இந்த ஒன்பதில் எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்தே தீரும்.

அவன் எடுத்த வாதமும் புதிதன்று. அமிர்தசந்திர ஆசாரியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதையொத்த வாதங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மறுத்திருக்கிறார். ஓருயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்குமே என்பது ஒன்று. மிச்சிகனிலும் மான் பெருகிச் சாலையில் வண்டிகளோடு மோதுகிறது, ஆகவே வேட்டை வேண்டும் என்கின்றனராம். துன்பத்தில் கிடக்கும் உயிரை இரக்கத்தால் கொன்றுவிடலாமே என்பது மற்றொன்று. இரண்டையும் ஆகாது என்று விலக்கும் அவரே, கொலை செய்யாமலே கொலையின் பயனை அடைபவன் உண்டு, உயிர் போகக் காரணமாயிருந்தும் அடையாதவன் உண்டு, கஷாயமே அளவுகோல் என்றும் கூறுகிறார். நம் யசோதர காவியம் முழுவதும் இந்த ஒரு கருத்தின்மேல் எழுந்ததன்றோ? தாயின் சொல்லுக்கிணங்கி மாவால் செய்த கோழியைப் பலியிட்டவன் மயிலாகப் பிறந்து அலைந்தான். கோழியில் உயிர் இல்லை; எண்ணத்தில் கொலை இருந்தது.

நூல்களோடு நின்றிருந்தால் 'சொல்லாதே' என்ற விடையை மறுநாளே கொடுத்திருப்பேன். கொடுக்கவிடாமல் தடுத்தது 1961-இல் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று.

எங்கள் ஊர் போளூருக்கு மேற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தை நோக்கியிருப்பது. அப்பா கொல்லையில் மணிலா பயிரிடுவார். கொட்டை முற்றும் பருவத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கிவந்து ஓரிரவில் அரைக்காணியைப் புரட்டிவிடும். பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டு உள்ளறையில் உத்தரத்தின்கீழ் தொங்கும். அப்பா அதில் மருந்தை மட்டுமே கெட்டிப்பார். குண்டோ ரவையோ இட்டதில்லை. ஓசைக்கே பன்றிகள் ஓடிவிடும். அருகனை வழிபடும் வீட்டில் இது எதற்கு என்று கேட்ட உறவினர்க்கு, "இது நம் வீட்டுத் தாரை, கொஞ்சம் பெரிய தாரை, அவ்வளவுதான்" என்பார்.

எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதினேழு. அப்பா ஒரு ஜினாலய விழாவிற்குச் சென்றிருந்த இரவில் பரண்மேல் காவல் இருந்த அண்ணன், யாரிடமும் சொல்லாமல் கடையில் வாங்கி வைத்திருந்த ரவையை மருந்தோடு சேர்த்துக் கெட்டித்துச் சுட்டுவிட்டார். பன்றி அலறிக்கொண்டு ஓடிற்று. அது காடை கௌதாரி சுடும் பொடி ரவை. பன்றியின் தோலில் அது ஆழப்போகாது என்பது அண்ணனுக்குத் தெரியாது. இரண்டாம் நாள் மாலை ஓடைக்கரைப் புதரில் அது கிடப்பதைப் பார்த்து மாடு மேய்க்கும் சிறுவன் வந்து சொன்னான். கண் போயிருந்தது. அடிவயிற்றுப் புண்ணில் ஈ மொய்த்தது. மூச்சு மட்டும் உலைத் துருத்திபோல் வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் கடப்பாரையோடு வந்து, "ஒரே போடு, அதன் வேதனை தீரட்டும்" என்றார். அதற்குள் ஊர் திரும்பியிருந்த அப்பா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஒரு குடம் நீர் கொண்டுவரச் சொல்லி அதன் வாயருகே சிறிது சிறிதாக ஊற்றினார். பின் அதன் தலைமாட்டில் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லத் தொடங்கினார். அடிபட்டுச் சாகும் நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்த கதை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அப்பா விடியும்வரை எழவில்லை. விடியும்போது மூச்சு நின்றது. அன்றே துப்பாக்கியைப் போளூருக்கு எடுத்துச்சென்று ஒப்படைத்துவிட்டு வந்தார். அதன்பின் இரண்டு பட்டம் மணிலாவில் மூன்றில் ஒரு பங்கைப் பன்றிகளே தின்றன. அம்மா அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை என்று எழுதினால் பொய்யாகும், பலமுறை சொன்னார்.

அப்பா செய்தது அமிர்தசந்திரர் வாக்குப்படி சரியே. ஐம்பது ஆண்டுகளாக நானும் அவ்வாறே பிறர்க்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஆயினும் அன்றிரவு அந்த மூச்சின் ஓசையைக் கேட்டவள் நான். கடப்பாரைக்காரரைத் தடுத்தது யாருடைய நன்மைக்கு என்று ஒரு கேள்வி இடையிடையே எழும். எழுந்தபோதெல்லாம் அதை அடக்கியிருக்கிறேன், விடையளித்ததில்லை.

அண்ணன் 2019-இல் மறைந்தார். அதற்குச் சில திங்கள் முன்பு, தாமே அப்பேச்சை எடுத்தார். "எந்த ரவை எதற்கு என்று எனக்குத் தெரியாது. கடைக்காரன் கொடுத்ததை வாங்கினேன். அப்பாவிடம் எப்படிக் கேட்பேன்? கேட்டிருந்தால் துப்பாக்கியையே பிடுங்கிக்கொண்டிருப்பார்" என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமலிருந்து, "பிடுங்கிக்கொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்" என்றார்.

பேரனின் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று நாள் தவித்தபோது எனக்குக் கைகொடுத்தது அண்ணனின் இந்தப் பேச்சுதான். பேரன் நினைப்பதுபோல் சரியான ரவையைப் பற்றிய அறிவு இல்லாமையால் மட்டும் அந்தப் பன்றி அவ்வாறு சாகவில்லை. அண்ணன் கேட்கக்கூடிய ஒருவர் வீட்டில் இல்லாததால் செத்தது. கேட்டிருந்தால் பேச்சு வந்திருக்கும். பேச்சு வந்திருந்தால் ரவையைப் பற்றிய பேச்சாக அது முடிந்திருக்காது. மிச்சிகன் நண்பரோ கடைக்காரரிடம் போகாமல், வேட்டையாடாத ஒருவனிடம் வந்து கேட்டிருக்கிறார். அவரை வாயடைத்து அனுப்பிவிட்டு 'நான் பாபோபதேசம் செய்யவில்லை' என்று நிறைவடைவது எளிது. நம் வீடுகளில் இந்த எளிய வழியைப் பலகாலம் கையாண்டு வருகிறோம்.

வேட்டுவனிடம் நம் முனிவர்கள் எவ்வாறு பேசினர் என்று தேடினேன். மகாவீரரின் ஆன்மாவே ஒரு பிறவியில் புரூரவன் என்னும் வேடர் தலைவனாக இருந்தது. காட்டில் சாகரசேன முனிவரை மான் என்று எண்ணி அம்பு தொடுத்தவனை மனைவி காளிகை தடுத்தாள். முனிவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனால் தாங்கக்கூடிய விரதத்தைத் தந்தார். அங்கிருந்துதான் இருபத்து நான்காம் தீர்த்தங்கரரை நோக்கிய நடை தொடங்குகிறது. சிரேணிக மன்னனின் முற்பிறவிக் கதை இன்னும் நெருக்கமானது. கதிரசாரன் என்னும் வேடன் எந்த ஊனையும் விட இயலாது என்றான். சமாதிகுப்த முனிவர், "காக்கையின் ஊனையேனும் விடுவாயா?" என்றார். அதை அவன் முன்பு உண்டதுமில்லை, எளிதில் ஒப்புக்கொண்டான். பின்னர் நோய் வந்து, மருத்துவர் காக்கை ஊனே மருந்து என்றபோது, உயிர்போனாலும் உண்ணேன் என்று நின்றுவிட்டான். முனிவர் அவனுக்கு நல்ல வில்லைத் தேர்ந்து கொடுக்கவில்லை. அவனோடு பேசாமலும் போகவில்லை. எதை விடுவாய் என்று கேட்டார்.

விடுவதற்கான காரணம் உயர்ந்ததாயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. செங்கல்பட்டைக் கடந்து தெற்கே உள்ள வேடந்தாங்கலை எல்லோரும் அறிவோம். அங்கே ஆங்கிலச் சிப்பாய்கள் பொழுதுபோக்காகப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு அதைத் தடுக்கும் உறுதிச்சீட்டுப் பெற்றனர். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டனர். பறவை எச்சம் ஏரிநீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்பது ஊரார் கண்ட பயன். அது ஜீவகாருண்யமன்று, வேளாண்மைக் கணக்கு என்று நாம் குறை கூறலாம். பறவைகள் பிழைத்தன.

நான்காம் நாள் பேரனிடம் பேசினேன். "கண்ணா, எந்தத் துப்பாக்கி என்று நீ சொல்லாதே. ஆனால் பேசாமலும் இருந்துவிடாதே. வயிற்றில் குண்டுபட்ட மான் என்னவாகும் என்று என்னிடம் சொன்னாயே, அதை அவரிடம் சொல். எதை விடுவீர் என்று கேள். காகிதத்தில் உள்ளங்கையகல வட்டத்திற்குள் எல்லாக் குண்டும் விழும் தூரம் எதுவோ, அதற்கு அப்பால் நிற்கும் மானை விடுவாரா? ஓடும் மானை விடுவாரா? அந்தி மங்கலில் தெரிவதை விடுவாரா? ஐயம் வந்தால் விரலை எடுத்துவிடுவாரா? அவர் எதற்கு ஒப்புகிறாரோ அதோடு நிறுத்திக்கொள்."

அவன் கூர்மையான பிள்ளை. "பாட்டி, தோளை உதைக்கும் பெரியதை வாங்காதீர் என்று சொல்வதும் விலக்குதானே? அதைச் சொல்லலாம் அல்லவா?" என்றான். சொல்லலாம் என்றேன். "கடையில் அவர் மனத்தில் இருப்பது இரண்டே துப்பாக்கி. ஒன்றை வேண்டாம் என்றால் மற்றதை வாங்குங்கள் என்றுதானே பொருள்?" என்றான். தவறான விடைகளை அடித்துவிட்டுச் சரியானதைக் கண்டுபிடிக்கும் உத்தியை நானே பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். என்னிடம் மறுமொழி இல்லை. "வேண்டாம் என்று சொல்லும்போது உன் மனம் மானின் பக்கம் நிற்கிறதா, துப்பாக்கியின் பக்கம் நிற்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்" என்று மட்டும் கூறினேன். இது விடையா, தப்பித்தலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டான். அடிபட்ட மானைத் தேடிக் கண்டுபிடித்து முடிக்காமல் வீடு திரும்பலாகாது என்பது அங்கே வேட்டையாடுவோர் முதன்மையாகக் கொள்ளும் விதியாம். அதையும் வலியுறுத்தட்டுமா என்றான். அப்பாவும் கடப்பாரைக்காரரும் ஒருங்கே என் கண்முன் வந்து நின்றனர். "அது அவர்கள் விதியாகவே இருக்கட்டும். நம் வாயால் சொல்லவேண்டாம்" என்றேன். என் கையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் பொருட்டு அப்படிச் சொன்னேனோ என்று அன்றிரவு முழுவதும் உறுத்திற்று.

அந்த நண்பரை வெறுக்க எனக்கு உரிமையில்லை என்பதையும் எழுதிவிடவேண்டும். கடையில் பொட்டலமாகக் கட்டி வைத்த ஊனை வாங்கித் தின்பதைவிட, சாகும் உயிரின் முன்னே நேரில் நிற்பது மேல் என்று எண்ணியே அவர் வேட்டைக்குப் புறப்பட்டாராம். நான் ஐம்பது வயதுவரை காஞ்சிபுரம் சென்று பட்டுப்புடவை எடுத்தவள். கரையும் முந்தானையும் பொருந்த வேண்டுமென்று அரைநாள் உட்கார்ந்து தேர்ந்திருக்கிறேன். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளைப் புழுவோடு வெந்நீரிலிட்டு நூல் எடுக்கிறார்கள் என்பது பாடநூலிலேயே இருந்தது. அந்தப் பாடத்தை நானே நடத்தினேன். அந்தப் புடவையை உடுத்திக்கொண்டுதான் திருப்பருத்திக்குன்றத்தில் சந்நிதி முன்பு நின்றேன்.

தீபாவளி கழித்துப் பேரன் பேசினான். நண்பர் தூரத்திற்கும், ஓடும் மானுக்கும், மங்கலுக்கும் ஒப்புக்கொண்டாராம். நான்காவதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, ஐயமில்லாமல் ஒருவன் எப்படிச் சுடுவது என்று கேட்டாராம். வேட்டை தொடங்கிய நாளில் மான் எல்லைக்கு அப்பால் நின்றது, சுடாமல் திரும்பினார். இரண்டாம் நாளும் அவ்வாறே. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நம்மவர் சிலரிடம் பெருமையாகவும் சொல்லிவிட்டேன்.

ஆறாம் நாள் மான் அருகில் வந்தது. ஒரே குண்டு; நின்ற இடத்திலேயே விழுந்ததாம். அவர் வாங்கியது எந்தத் துப்பாக்கி என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை சாமாயிகத்தில் பிரதிக்கிரமணம் சொல்லும்போது அந்த மானையும் சேர்த்துக்கொண்டேன். அதன் சாவில் என் சொல்லுக்குப் பங்கு உண்டா, அதற்கு முந்தைய ஐந்து நாட்களில் அது உயிரோடிருந்ததில் மட்டுமே பங்கா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. அறிந்த பெரியோர் இவ்விதழில் எழுதுவார்களாயின் படித்துத் தெளிவேன். பேரனும் விடைக்குக் காத்திருக்கிறான். நவம்பர் மாதம் மீண்டும் வரும், அந்த நண்பரின் தம்பியும் இப்போது துப்பாக்கி வாங்க எண்ணுகிறாராம்.